நெல் விளைந்த ஊரில் அரிசியை ஒளித்த காலம்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள். அவசரமானவர்கள் சேமித்து வைத்துவிட்டுப் பிறகு வாங்க.

அரிசி விலை ஏறும்போதெல்லாம் நம்ம பக்கத்துக் கடைகளில் ஒரு யோசனை கிளம்பும். "காணியை எல்லாம் அரசாங்கம் எடுக்க வேணும், எல்லாரையும் ஒன்றாக இறக்கி விதைப்பிக்க வேணும், நெல்லை அரசாங்கமே வாங்கிப் பங்கிட வேணும், முதலாளிமாரை ஒழிக்க வேணும், அப்பதான் பஞ்சம் தீரும்." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. 2022ல் கியூவில் நின்று நொந்தவர்கள். ஆனால் இந்த யோசனையின் பாதியை இந்த நாடு ஒரு தரம் செய்து பார்த்திருக்கிறது. முழுவதையும் செய்து பார்த்த நாடுகளும் உண்டு. நான் பழுகாமம் பக்கம் படிப்பிக்கப் போய் வருகிறவன். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து பெரியபோரதீவு வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் வயல். இந்த வயலைப் பார்த்துக்கொண்டு வளர்கிற பிள்ளைகளுக்குத் தங்கள் மூத்தப்பா காலத்தில் சோற்றுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய ஒழுங்கைப் பற்றி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. எழுவான்கரையில் வீடும் கடையும் கடலும். படுவான்கரையில் வயலும் பட்டியும். எழுவான்கரைத் தமிழ்ப் போடியாருக்கும் முஸ்லிம் போடியாருக்கும் படுவான்கரையில் வட்டைகளில் காணி இருந்தது. அதை விதைத்தது பெரும்பாலும் அவர்கள் இல்லை. முல்லைக்காரன் என்றும் வயற்காரன் என்றும் சொல்லப்பட்ட மனிதர்கள். விதைநெல் போடியார் கொடுப்பார், மாடு போடியாருடையது, மாரி காலத்தில் சாப்பாட்டு நெல்லும் அவரே கடனாகக் கொடுப்பார். சூடு மிதித்து, களவெட்டியில் பொலி தூற்றி, கடனைக் கழித்து, பங்கைக் கழித்து, மிஞ்சியது வயற்காரனுக்கு. சில வருஷம் மிஞ்சவும் மிஞ்சாது.

இதை நான் அழகு படுத்தவில்லை. போடியார் என்றால் வெற்றிலைத் தட்டமும் சால்வையும் என்று நாடகங்களில் காட்டுகிறோம். களவெட்டியில் குனிந்து நின்றவனின் கணக்கு வேறு. என் மூத்தவாப்பாவும் ஒரு சின்னப் போடியார்தான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கணக்கைத் திருத்த வந்த சட்டம் 1958ன் நெற்காணிச் சட்டம். எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க பிரதமர், பிலிப் குணவர்தன விவசாய உணவு அமைச்சர். குத்தகைக்காரனை நினைத்தபாட்டுக்கு எழுப்ப முடியாது, விளைச்சலில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குத்தகை வாங்க முடியாது, வெள்ளைக்காரன் காலத்து வட்டைவிதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழு. நோக்கம் நல்லது. அதை இன்றும் சொல்லுவேன். ஆனால் சட்டம் வந்த கையோடு நாடெங்கும் ஆயிரக்கணக்கான குத்தகைக்காரரை நிலச்சொந்தக்காரர்கள் எழுப்பினார்கள். எழுப்பாதவர்களில் பலர், "இவன் என் குத்தகைக்காரன் இல்லை, என் கூலிக்காரன்" என்று எழுதிக் கொடுத்துத் தப்பினார்கள். சொந்தக் கட்சிக்காரரே எதிர்க்க, பிலிப் 1959ல் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். சட்டம் இருந்தது, பல் இல்லை.

அடுத்தது கல்லோயா. பட்டிப்பளை ஆறு என்று நம்ம ஆட்கள் சொன்ன ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949ல் தொடங்கிய திட்டம். காடு வெட்டி, கொலனி கொலனியாகக் குடியேற்றினார்கள். தொடக்கத்தில் குடும்பம் ஒன்றுக்கு நாலு ஏக்கர் வயல், மூன்று ஏக்கர் மேட்டுக்காணி. யாருக்கு எத்தனை கொலனி என்ற கணக்கையும், 1956 ஜூனில் அங்கே நடந்த கொலைகளையும் பற்றி எழுதப் போனால் இந்தப் பதிவு வேறு பக்கம் போய்விடும். இங்கே எனக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். அந்தக் காணி உறுதிக் காணி இல்லை, பெர்மிட் காணி. விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, ஒழுங்காகச் செய்யாவிட்டால் பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். போடியார் போய் அந்த இடத்தில் அரசாங்கம் போடியாராக வந்தது. 1961ல் அம்பாறை தனி மாவட்டமானதோடு, போரதீவுப்பற்றின் பின்புறம் ஒரு எல்லைப்புறமாக மாறியது. வெல்லாவெளிக்கு அப்பால் உள்ளவர்களுக்கு "எல்லைக் கிராமம்" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

இப்போது 1970க்கு வருவோம். அப்போது அரிசி என்றால் கூப்பன். 1953ல் டட்லி சேனாநாயக்க அரசு கூப்பன் அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்ற, ஓகஸ்ட் 12ல் ஹர்த்தால் வெடித்து, அவர் பதவியை விட்டே போனார். அரிசியைத் தொட்டால் அரசாங்கம் விழும் என்று எல்லாக் கட்சியும் படித்துக்கொண்டது அன்றுதான். அதே டட்லி மறுபடி வந்து 1966ல் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார், ஆனால் அந்த ஒன்று இலவசம். 1970 தேர்தலில் சிறிமா அம்மையாரின் கூட்டணி மேடைக்கு மேடை, சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டு வந்து இரண்டு கொத்துத் தருவோம் என்றது. நம்ம கிழவர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. சுதந்திரக் கட்சி, சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி மூன்றும் சேர்ந்து பெரிய வெற்றி. இரண்டாவது கொத்து வந்தது, காசுக்கு.

1971 ஏப்ரலில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி. வேலையில்லாத, படித்த, காணியில்லாத பிள்ளைகள். அரசாங்கம் பயந்தது. அந்தப் பயத்தில் பல காரியங்கள் அவசரமாக நடந்தன. 1971ல் நெல் சந்தைப்படுத்தல் சபைக்கான சட்டம். 1972ல் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவருக்கு நெற்காணி 25 ஏக்கர், மற்றக் காணியோடு சேர்த்து 50 ஏக்கர் உச்சவரம்பு. அதே வருஷம் விவசாய உற்பத்தித்திறன் சட்டம். ஒழுங்காகச் செய்கை பண்ணாதவனிடமிருந்து காணியை எடுக்கலாம். அதைப் பார்ப்பதற்கு ஊர்தோறும் உற்பத்தித்திறன் குழு. குழுவில் யார்? அமைச்சர் நியமித்தவர்கள். ஊரில் அது எப்படி வேலை செய்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாருடைய வயலில் புல் இருக்கிறது என்பதைக் கட்சி தீர்மானிக்கும்.

காணிச் சீர்திருத்தம் நம்ம பக்கம் பெரிதாக ஒன்றையும் அசைக்கவில்லை. காரணம் சுவையானது. இந்தக் கரையில், தமிழரோ முஸ்லிமோ, காணி பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற வழக்கம். குடி வழி, தாய் வழி. நாலு பெண்பிள்ளை உள்ள போடியாரின் நூறு ஏக்கர், சட்டம் வருவதற்கு முன்பே நாலு மருமக்களின் வீட்டில் இருந்தது. தவிர, 18 வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் தனி உச்சவரம்பு. கணக்குத் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்துத் தப்பினார்கள். அதனால் படுவான்கரையின் காணியில்லாத வயற்காரன் 1972க்குப் பிறகும் காணியில்லாத வயற்காரன்தான்.

அசைத்தது நெல் சபை.

1973ல் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலை பறந்தது. ஒக்டோபரில் எண்ணெய் விலையும் ஏறியது. மழையும் ஏமாற்றியது. வெளிநாட்டு அரிசி வாங்க நாட்டிடம் காசு இல்லை. இலவச அரிசியை வெட்டினார்கள், மாவையும் சீனியையும் வெட்டினார்கள். ஹோட்டல்களில் வாரத்தில் இரண்டு நாள் சோறு விற்கத் தடை. மரவள்ளிக்கிழங்கு சாப்பிடச் சொன்னார்கள். பாண் கியூ விடியற்காலையிலேயே தொடங்கும். இவ்வளவும் நாடு முழுக்க உள்ள கதை.

நெல் விளைகிற மாவட்டத்தின் கதை வேறு. சபைக்கு மட்டுமே நெல் விற்கலாம், சபை சொன்ன விலைக்கு. 1967லிருந்து ஒரு புசல் 14 ரூபாய். 1973, 74ல் விலையைப் படிப்படியாக 33 ரூபாய் வரை ஏற்றினார்கள்தான், ஆனால் வெளியில் அரிசி விலை அதைவிட வேகமாக ஓடியது. தனியார் வியாபாரி நெல் வாங்கினால் குற்றம். ஒரு சின்ன அளவுக்கு மேல் அரிசியோ நெல்லோ இடம் விட்டு இடம் கொண்டு போனால் குற்றம். வீதிகளில் தடை போட்டு பஸ்ஸையும் லொறியையும் வண்டியையும் மறித்துச் சோதித்தார்கள். சிங்களத்தில் இதை "ஹால் பொல்ல" என்பார்கள், அரிசிப் பொல்லு என்று அர்த்தம். சிங்கள ஊர்களிலும் இந்தச் சொல்லைச் சொன்னால் கிழவர்களின் முகம் மாறும். இந்தக் கஷ்டம் ஒரு இனத்துக்கு மட்டும் நடந்ததாக யாரும் எழுத வேண்டாம்.

நம்ம நிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயல் படுவான்கரையில், வாய் எழுவான்கரையில். நடுவில் வாவி. கடக்க ஒன்றோ இரண்டோ பாலம், குறுமண்வெளி போன்ற இடங்களில் பாதை, மிச்சம் தோணி. நெல்லை மறிக்க நினைத்தவனுக்கு இதைவிட வசதியான நாடு கிடைக்காது. தன் சொந்தக் காணியில் விளைந்த நெல்லை, தன் பெண்பிள்ளை வீட்டுக்கு, ஆற்றுக்கு அக்கரைக்குக் கொண்டு போகிறவன் கடத்தல்காரனாகிவிட்டான். என் மூத்தம்மா சொல்லுவா, பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் பச்சையரிசி கொண்டு போவதென்றால் இடுப்பில் சீலைக்குள் கட்டிக்கொண்டு, மேலே புள்ளையை இடுக்கிக்கொண்டு போவாங்களாம். தென்னோலைக் கட்டுக்குள் அரிசி, மீன் கூடைக்கு அடியில் அரிசி. மீன் வாசத்தோடு சோறு தின்றோம் என்று சொல்லிச் சிரிப்பா. அந்தச் சிரிப்பை நான் சின்ன வயதில் பகிடி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை முஸ்லிம் ஆள் என்ற முறையில் நான் மறைக்கக் கூடாது. இந்த மாகாணத்தில் நெல் வாங்குவது, குற்றுவது, விற்பதில் நம்ம ஆட்கள் பலர். மில்காரர்கள் சபைக்காகக் கூலிக்குக் குற்றும் நிலைக்கு வந்தார்கள். சிலருக்கு அது நஷ்டம். சிலர் இருட்டில் வாங்கி இருட்டில் விற்றுப் பணக்காரர் ஆனார்கள். தடை போட்ட எல்லா இடத்திலும் தடையைத் தாண்டத் தெரிந்தவனுக்கு லாபம். ஆனால் "முஸ்லிம் முதலாளி அரிசியைப் பதுக்கினான்" என்று மொத்தமாகச் சொல்லப்பட்ட பேச்சு அந்தக் காலத்தில் விதைக்கப்பட்டது. பதுக்கியவர்களில் முஸ்லிமும் இருந்தான், தமிழனும் இருந்தான், சிங்களவனும் இருந்தான், கூட்டுறவுச் சங்கக்காரனும் இருந்தான். பதுக்கியவர்களில் பெரும்பாலானோர் முதலாளிகளே இல்லை. வீட்டுப் பட்டறையில் அடுத்த போகம் வரை சோற்றுக்கு நெல் வைத்த கமக்காரர்கள்.

விளைவு என்ன? நெல் சபைக்கு வரவில்லை. 1975 அளவில் சபையின் கொள்வனவு பெரிதாகச் சரிந்தது. வரட்சி ஒரு காரணம். மற்றது, கமக்காரன் தனக்கு வேண்டியதை மட்டும் விதைத்தான், விளைந்ததை ஒளித்தான். சட்டத்தைப் பார்த்து அவன் கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டான்.

நியாயமாகச் சொன்னால் அந்தக் காலத்தில் சிலருக்கு நன்மையும் நடந்தது. வெங்காயம், மிளகாய் இறக்குமதியை நிறுத்தியதால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். நம்ம பக்கத்திலும் மேட்டுக்காணியில் மிளகாய் போட்டுத் தலை நிமிர்ந்தவர்கள் உண்டு. கவனியுங்கள், அவர்களிடம் யாரும் மிளகாயைப் பறிக்கவில்லை. விற்பதற்கு விட்டார்கள்.

சரி, இந்த யோசனைகள் எல்லாம் எங்கே பிறந்தன? உலகத்தில் இதன் முழு வடிவம் நடந்த இடம் சோவியத் ஒன்றியம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு "கூட்டுப்பண்ணை" என்று ஒரு வரியில் முடிகிற விஷயம். 1929 கடைசியில் ஸ்டாலின் அரசு கமக்காரர்கள் அனைவரையும் கூட்டுப்பண்ணையில் சேரச் சொன்னது. காணி, மாடு, கலப்பை எல்லாம் பண்ணைக்கு. வசதியான கமக்காரனுக்குக் "குலாக்" என்று பெயர் வைத்து, அந்த வகுப்பையே ஒழிப்பது என்று அறிவித்தார்கள். குலாக் யார்? இரண்டு மாடு கூட வைத்திருந்தவன், குழுவோடு முறைத்தவன். 1930 மார்ச் முதலாம் திகதிக்குள் நாட்டின் கமக்காரக் குடும்பங்களில் பாதிக்கு மேல் பண்ணையில் சேர்ந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். மூன்று மாதத்தில்!

அந்த 1930ல் மட்டும் சோவியத் நாட்டில் 13,000க்கு மேற்பட்ட கலகங்கள் நடந்ததாக அவர்களின் இரகசியப் பொலிஸே கணக்கெழுதி வைத்திருக்கிறது. கலந்துகொண்டவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். பல இடங்களில் முன்னுக்கு நின்றது பெண்கள். பண்ணைத் தொழுவத்துக்குப் போய்த் தங்கள் பசுவைத் தாங்களே அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். பெண்களைச் சுட அதிகாரிகள் யோசிப்பார்கள் என்று ஆண்கள் பின்னால் நின்றார்கள். கலகம் மிகக் கடுமையாக இருந்த இடங்களில் ஒன்று எல்லைப்புறம். மேற்கு எல்லையை ஒட்டிய உக்ரைனில், செபெதீவ்கா, துல்சின் பக்கங்களில், கிராமம் கிராமமாக அதிகாரிகளை விரட்டினார்கள். சிலர் கூட்டமாக எல்லையைத் தாண்டிப் போலந்துக்குப் போகப் புறப்பட்டார்கள். இதுதான் அரசை உலுக்கியது. நடுநாட்டில் கமக்காரன் முறைத்தால் அது உள்வீட்டுச் சண்டை. எல்லையில் முறைத்தால், அடுத்த நாட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கிறான். மார்ச் 2ந் திகதி ஸ்டாலின் பத்திரிகையில் எழுதி, குற்றம் எல்லாம் வெற்றி மயக்கத்தில் ஆடிய கீழ் அதிகாரிகளுடையது என்று கையைக் கழுவினார். அதைப் படித்ததும் சனம் பண்ணையை விட்டுக் கிளம்பியது. கோடையில் நாலில் ஒரு பங்கு குடும்பங்கள்கூடப் பண்ணையில் இல்லை.

ஆனால் அரசு மறக்கவில்லை. அடுத்த வருஷமே மறுபடி நெருக்கினார்கள். 1932 ஓகஸ்ட் 7ல் ஒரு சட்டம். பண்ணை வயலில் கதிர் பொறுக்கினாலும் பத்து வருஷச் சிறை அல்லது சுட்டுக் கொலை. விளைந்த தானியத்தை வீடு வீடாகத் தேடி எடுத்தார்கள். சனம் பசியில் வேறு மாகாணங்களுக்குப் போகத் தொடங்கியதும், 1933 ஜனவரி 22ல், உக்ரைனிலிருந்தும் குபானிலிருந்தும் கமக்காரர் வெளியே போவதைத் தடுக்க உத்தரவு. ரயில் டிக்கெட் இல்லை, வீதியில் காவல். நம்ம ஊர்த் தடை அரிசியை மறித்தது, அந்தத் தடை மனிதனை மறித்தது. உக்ரைனில் மாண்டவர்கள் 35 லட்சத்துக்கு மேல் என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு.

கசக்ஸ்தானில் நடந்தது நம்மவர்களுக்கு இன்னும் தெரியாது. முஸ்லிம் இடையர்கள், ஆடு மாடு குதிரை ஒட்டகத்தோடு புல்வெளி மாறி மாறித் திரிந்த சனம். அவர்களை ஒரு இடத்தில் இருத்தி, பட்டியைப் பறித்து, பண்ணையில் சேர்த்தார்கள். 1929ல் ஏறக்குறைய நாலு கோடியாக இருந்த கால்நடை 1933ல் 50 லட்சத்துக்கும் கீழே. பட்டி செத்ததும் பட்டிக்காரனும் செத்தான். மாண்டவர்கள் ஏறக்குறைய 15 லட்சம். கசக் சனத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல். இலட்சக்கணக்கானோர் ஓடினார்கள், அதில் பெருந்தொகையானோர் எல்லை தாண்டிச் சீனாவுக்கு. தாண்டும்போது எல்லைக் காவலர் சுட்டதில் விழுந்தவர்களும் உண்டு. படுவான்கரையில் பட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு நாள் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மனிதனிடமிருந்து மாட்டை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நம்ம 1973ஐ இதோடு சமப்படுத்துவது அநியாயம். இங்கே யாரும் ஊரோடு நாடு கடத்தப்படவில்லை, கதிர் பொறுக்கியதற்கு யாரும் சுடப்படவில்லை. வாக்குப் பெட்டி இருந்தது, 1977ல் சனம் அதைப் பாவித்தது. ஆனால் இங்கேயும் சாவு நடந்தது. அது நடந்த இடம் மலைநாடு. 1974ல் நாட்டின் இறப்பு வீதமே ஏறியது, தோட்டங்களில் மிகக் கூடுதலாக. வயல் உள்ளவன் நெல்லை ஒளித்தான், கடற்கரையான் மீனைத் தின்றான், தோட்டத்துச் சனத்திடம் ஒளிக்கவும் தின்னவும் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் பிரஜாவுரிமையும் இல்லை.

கூட்டுப்பண்ணையும் அங்கேதான் வந்தது. காணிச் சீர்திருத்தத்தில் எடுத்த தோட்டங்களில் சிலவற்றை "ஜனவாச" என்ற கூட்டுப் பண்ணைகளாக்கினார்கள். படித்த வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு சேர்ந்து செய்து சேர்ந்து பங்கிடும் திட்டம். இன்னும் சிலவற்றை "உசவசம" என்ற கூட்டுறவுச் சபையிடம் கொடுத்தார்கள். காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் மூன்று நாலு தலைமுறையாக லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளர் அந்தக் கூட்டில் சேர்க்கப்படவில்லை. வேலை நின்றது, ரேஷன் நின்றது, பல இடங்களில் அடித்து விரட்டப்பட்டார்கள். 1975ல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையான பிறகு இது கூடியது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீது பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். மலையகத்தில் அந்தப் பெயர் எல்லாருக்கும் தெரியும். நம்ம பாடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? எல்லைப்புறத்துக்கு. வவுனியாக் காடுகளுக்கும், மட்டக்களப்பின் மேற்குப் பக்கத்துக்கும். 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு இன்னும் கூடுதலாக. டேவிட் ஐயாவும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. 1983ல் இருவரும் கைதாகி, ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தேயிலை மலையில் ஒரு கூட்டுப்பண்ணைக்காக விரட்டப்பட்ட குடும்பம், நம்ம எல்லைக் காட்டில் குடிசை போட்டு, யானைக்கும் பிறகு துவக்குக்கும் நடுவில் சோளம் விதைத்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தக் கரைப் பள்ளிக்கூடங்களில் படிக்கிறார்கள். "உன் மூத்தப்பா எந்த ஊர்?" என்று கேட்டால் நுவரெலியா என்றோ பதுளை என்றோ சொல்லும். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

1977 ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனத்தில் 140ஐ எடுத்தது. தடைகள் போயின, ஜனவாசகள் கலைந்தன, கடைகளில் சாமான் நிறைந்தது. அதற்குப் பிறகு வந்த ஆட்சி நமக்கு என்ன செய்தது என்பது வேறு கதை, அதை இங்கே யாரும் நல்ல காலம் என்று நினைவு கூரமாட்டார்கள். ஆனால் 1977ல் கமக்காரன் ஏன் அப்படி வாக்களித்தான் என்று கேட்டால், நான் பாலத்தையும் தோணியையும் காட்டுவேன்.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2021 மே 6ல் வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வந்தது. இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதிக்குத் தடை. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும், உடனே. வயலில் இறங்கிய யாரிடமும் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் பெரும்போகம் போய்விட்டது. மஞ்சளாகிப்போன பயிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றவர்களை நம்ம எல்லாருக்கும் தெரியும், நம்ம வீட்டு ஆட்கள்தானே. மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்தில் மேய்ச்சல் தரை போய்விட்டதென்று பண்ணையாளர்கள் 2023ல் சித்தாண்டியில் வீதியோரம் குந்தியதும் இதே எல்லைப்புறத்தில்தான். அங்கே காணி மகாவலி அதிகார சபையினுடையது என்பது சட்டம். பட்டி யாருடையது, வெட்டுப்பட்டுச் செத்த மாடு யாருடையது என்பதற்கு மட்டும் பதில் சொல்ல ஆள் இல்லை.

அதனால் "அரசாங்கம் எடுக்க வேணும்" என்று சொல்கிற தம்பிமாரிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. எடுத்த பிறகு, எதை விதைப்பது, யாருக்கு விற்பது என்று முடிவெடுக்கும் குழுவில் யார் இருப்பார்? அந்தக் குழுவோடு உங்கள் வாப்பாவுக்கு, உங்கள் அப்பாவுக்குப் பிரச்சினை வந்தால், எங்கே போய் முறையிடுவீர்கள்? போடியார் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. குத்தகைக்காரனுக்கு எழுத்தில் உரிமை வேண்டும், காணியில்லாதவனுக்குக் காணி வேண்டும், அறுவடை நேரத்தில் நெல்லுக்கு ஒரு நியாய விலையில் வாங்க ஒரு சபையும் வேண்டும். அந்தச் சபைக்கு விற்பதும் விடுவதும் கமக்காரனின் விருப்பமாக இருக்க வேண்டும். 1958ல் சொன்னது இன்னும் பாக்கி இருக்கிறது.

கடைசியாக ஒரு உதவி. பழைய கூப்பன் புத்தகம், சபைக்கு நெல் விற்ற துண்டு, பெர்மிட், பயிர்ச்செய்கைக் குழுக் கடிதம் என்று யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பெயர், இலக்கத்தை மறைத்துவிட்டு அனுப்புங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான். எழுபது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு "அரிசி மறிச்ச காலத்துல நீங்க எப்படி ஆத்தைக் கடந்தீங்க?" என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் சேர்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.